பிடித்த பாட்டிலிருந்து அதன் கலைஞர்களின் வாழ்க்கைக்குப் போகும் வழி

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் வளர்ந்த என் தலைமுறைக்குப் பாட்டோடு பெயர்களும் சேர்ந்தே வந்தன. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை அறிவிப்பாளர்கள், இசைத்தட்டு சுழலத் தொடங்குமுன் படத்தின் பெயர், பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று ஒவ்வொருவரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். மத்திய அலை நிலத்தின் மேல் வருவதைவிடக் கடல் நீரின் மேல் வலுக் குறையாமல் நெடுந்தூரம் வரும் என்பதால், நடுவில் பாக் நீரிணை மட்டுமே இருந்த எங்கள் கரையில் அந்தக் குரல்கள் பக்கத்து வீட்டில் பேசுவதைப் போலக் கேட்டன. என் பெரியம்மா முற்றத்தில் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டே, முன்னிசை முடிவதற்குள் பாடகர் யார் என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் போகாத அவருக்கு அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து கொடுத்தது வானொலிப் பெட்டிதான்.

இன்று அதே பாட்டு கைபேசியில் வருகிறது, பெயர்கள் வருவதில்லை. திரையில் நடிகரின் படம் இருக்கிறது, தலைப்பில் அவருடைய பெயர் இருக்கிறது, பாட்டை உண்டாக்கிய ஐந்தாறு பேரும் காணாமல் போய்விடுகிறார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து, ஒரு பாட்டிலிருந்து ஒருவரின் தொழில் வாழ்க்கைக்கும், அவரிடமிருந்து அடுத்தவருக்கும் போவதற்கு நான் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேண்டியது தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு. இடப்பக்கம் பாட்டுக்கு, வலப்பக்கம் ஆட்களுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐம்பது பாட்டுகளை ஒரே மூச்சில் எழுதத் தொடங்கினால் பத்தாவது பாட்டில் கை ஓய்ந்துவிடும் என்பதால், உண்மையிலேயே உங்களுக்குப் பிடித்த மூன்றே மூன்று பாட்டுகளோடு தொடங்குவது நல்லது. இடப்பக்கத்தில் பாட்டின் முதல் வரி, படம், வெளிவந்த ஆண்டு, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர்கள், காதில் தனியாக நிற்கும் வாத்தியம் எது, அதை வாசித்தவர் யார் என்று வரிசையாக எழுதுங்கள். ஒரே முதல் வரியோடு வேறு வேறு பாட்டுகள் இருப்பதால் படத்தின் பெயரையும் ஆண்டையும் விடவே கூடாது. தெரியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் கோடு மட்டும் போட்டு வைத்தால், பிறகு அது தன்னால் நிரம்பும்.

இந்த விவரங்களை எங்கே தேடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பாட்டுச் செயலிகளில் காணும் ஆண்டு பெரும்பாலும் அந்தத் தொகுப்பைக் கணினியில் ஏற்றிய ஆண்டாகவே இருக்கிறது. பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இசையமைப்பாளர் பெயர் நிற்பதையும் அடிக்கடி காணலாம். நம்பத் தகுந்தவை இரண்டு. ஒன்று, படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழும் எழுத்துப் பட்டியலும். மற்றொன்று, இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாள். எங்கள் பகுதியில் ரேடியோ செட் வைத்துக் கல்யாணங்களுக்கும் கோயில் கொடைகளுக்கும் போனவர்களின் வீடுகளில் தகரப் பெட்டிகளில் இன்னும் தட்டுகள் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில், உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்துத் திறக்க மறுத்த பெட்டியை நாங்கள் இருவர் சேர்ந்து திறந்தோம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும், ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடமே கொள்ளும் பழைய தட்டுகள், ஒவ்வொன்றும் காக்கித்தாள் உறையில், உறையின் மூலையில் ஊதா மையில் எண் போட்டு அடுக்கியிருந்தன. அந்த வட்டத்தாள்களைப் படித்ததில் ஒரே மாலையில் என் நோட்டில் பதினோரு கோடுகள் நிரம்பின. ஒலிநாடாக் காலத்தில் கடைகளில் பதிந்து வாங்கிய நாடாக்களின் அட்டையில் படப்பெயர் மட்டுமே கையால் எழுதியிருக்கும். அவை நினைவூட்ட உதவும், சான்றாகா.

இனி ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்போம். கீழக்கரையிலும் தொண்டியிலும் ஏர்வாடியிலும் பிறந்து வளர்ந்தவர்கள் நாகூர் இ. எம். ஹனிபாவின் குரலைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பெயரில் நாகூர் இருந்தாலும் அவர் 1925ஆம் ஆண்டு பிறந்தது ராமநாதபுரத்தில். அவர் மேடைகளில் பாடிய பாட்டுகளோடு நின்றுவிடாமல், 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி. எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடிய ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ பாட்டை இடப்பக்கத்தில் எழுதுங்கள். எழுதியவர் கண்ணதாசன், இசை விசுவநாதன்–ராமமூர்த்தி. இப்போது வலப்பக்கத்தில் ஐந்து பெயர்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இந்தப் பாட்டுக்கு முன் இவர் யாரிடம் இருந்தார், இவருக்கு முதல் வாய்ப்பு தந்தவர் யார், இவரிடமிருந்து வளர்ந்தவர் யார்?

சௌந்தரராஜனுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்டால் 1950இல் வந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்துக்குப் போகிறோம். அதுதான் அவர் பாடிய முதல் படம், இசையமைத்தவர் எஸ். எம். சுப்பையா நாயுடு. அடுத்து விசுவநாதனைக் கேட்டால், கோவையில் ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலை செய்த சிறுவனாக அவர் இசைக்குள் நுழைந்ததும் அதே சுப்பையா நாயுடுவின் நிழலில்தான் என்று தெரிகிறது. பின்னர் அவர் சென்னையில் சி. ஆர். சுப்பராமனின் குழுவில் சேர, அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர் ராமமூர்த்தி. 1952இல் சுப்பராமன் இளம் வயதிலேயே காலமானபோது, அவர் முடிக்காமல் விட்ட படங்களை இந்த இருவரும் முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ‘பணம்’ படத்தில் தொடங்கி 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை இருவர் பெயரும் சேர்ந்தே வந்தன. அதற்குப் பின் பிரிந்தார்கள். இந்த இரண்டு ஆண்டுகளை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால், உங்களுக்குப் பிடித்த பாட்டு இருவர் சேர்ந்து செய்ததா, விசுவநாதன் தனியாகச் செய்ததா என்பதை ஆண்டைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சௌந்தரராஜனிடமிருந்து ஒன்று, விசுவநாதனிடமிருந்து ஒன்று என்று சுப்பையா நாயுடுவின் பெயருக்கு இரண்டு இணைப்புக் கோடுகள் வந்து சேர்ந்ததைப் பார்த்தீர்கள். இப்படி இரண்டு கோடுகள் ஒரே பெயரில் முட்டினால் உடனே அவருக்கென்று தனிப்பக்கம் ஒதுக்கி, அவருடைய வேறு பாட்டு ஒன்றைத் தேடிக் கேளுங்கள். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் ‘சிங்கார வேலனே தேவா’ அவர் இசையமைத்ததுதான். ஆபேரி ராகத்தில் அமைந்த அந்தப் பாட்டை எழுதியவர் கு. மா. பாலசுப்பிரமணியம், பாடியவர் எஸ். ஜானகி; ஜானகியின் குரலோடு ஓடி வரும் நாதஸ்வரத்தை வாசித்தவர் காருகுறிச்சி பி. அருணாசலம். இங்கே வாத்தியக்காரருக்காக விட்டிருந்த கோடு முதல் முறையாக நிரம்புகிறது. அருணாசலம் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் மாணவர். 1921இல் பிறந்து 1964இல் மறைந்தார். பாட்டு வெளிவந்து இரண்டே ஆண்டுகள். நோட்டில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது நான் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஐம்பது வயதைக்கூட எட்டாத ஒருவரின் மூச்சு அந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்த பின், அந்த ஸ்வரக் கோவைகளை முன்போலக் கேட்க என்னால் முடிவதில்லை.

இந்த முறையில் நான் முக்கியமாகக் கருதுவது, படத்தின் எழுத்துப் பட்டியலில் ‘உதவி’ என்று சிறிய எழுத்தில் வரும் வரி. நாளைய இசையமைப்பாளர் இன்று அங்கேதான் இருக்கிறார். ‘பட்டணத்தில் பூதம்’ படத்தின் ‘அந்த சிவகாமி மகனிடம்’ பாட்டை எம். எஸ். விசுவநாதனின் இசை என்று பல ஆண்டுகள் என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கேட்பதற்கு அப்படித்தான் இருந்தது. ஒருநாள் படத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்தபோது, இசை ஆர். கோவர்த்தனம் என்று வந்தது. விசுவநாதனின் எத்தனையோ படங்களில் உதவி என்ற வரியில் இருந்தவர் அவர். 1967இல் தாமே இசையமைத்தபோது அந்தப் பள்ளியின் சாயல் அவர் பாட்டில் இருந்ததில் வியப்பில்லை. தவறாக எழுதியதை நான் அழிக்கவில்லை. குறுக்கே கோடிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதினேன். உங்கள் காது ஏன் ஏமாந்தது என்பதற்கு அந்தக் கோடு ஒரு பாடமாக இருப்பதால் நீங்களும் அழிக்காதீர்கள்.

உதவி வரியைப் பிடித்துக்கொண்டே இன்னும் தூரம் போகலாம். விசுவநாதன்–ராமமூர்த்தியிடம் உதவியாளராக இருந்த ஜி. கே. வெங்கடேஷ் பின்னாளில் தனியாக இசையமைத்தார். 1973இல் வந்த ‘பொண்ணுக்குத் தங்க மனசு’ படத்தின் ‘தேன் சிந்துதே வானம்’ அவருடையது. அவரிடம் உதவியாளராக இருந்தவர் இளையராஜா. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு உடனே 1976இல் வந்த ‘அன்னக்கிளி’யின் பாட்டுகளைக் கேளுங்கள், இரண்டிலும் ஜானகியின் குரல் இருப்பதால் மற்ற மாற்றங்கள் தெளிவாகக் காதில் விழும். ‘அன்னக்கிளி’க்குப் பாட்டெழுதி, இளையராஜாவை அந்தப் படத்துக்குக் கொண்டுவந்த பஞ்சு அருணாசலம் யார் என்று பார்த்தால், கண்ணதாசனின் அண்ணன் மகன், அவரிடமே உதவியாளராக இருந்தவர். நாம் புறப்பட்ட ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ பாட்டின் இன்னொரு நுனி இப்படி இங்கே வந்து நிற்கிறது.

பெயர்களில் சில பொறிகள் உண்டு. ஊர்ப்பெயர் பிறந்த ஊரைச் சொல்லும் என்று நம்பக் கூடாது: ஹனிபா நாகூர்க்காரராக அறியப்பட்டு ராமநாதபுரத்தில் பிறந்தார், கர்நாடக இசைப் பாடகர் ராமநாதபுரம் கிருஷ்ணன் பிறந்ததோ ஆலப்புழையில். கண்ணதாசனின் சிறுகூடல்பட்டி ராமநாதபுரம் மாவட்டம் என்று பழைய நூல்களிலும் சிவகங்கை மாவட்டம் என்று புதியவற்றிலும் இருக்கும். 1985இல் மாவட்டம் பிரிந்ததே காரணம், இரண்டும் சரிதான். ஒரே ஆள் இரண்டு பெயரில் இருப்பதும் உண்டு: இளையராஜாவின் பாட்டுகளில் புல்லாங்குழல் வாசித்த நெப்போலியன்தான், அருண்மொழி என்ற பெயரில் பாடியவரும்.

திரைப்பாட்டில் மனம் ஒட்டாதவர்கள் இதே நோட்டைக் கச்சேரிப் பாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். அங்கே உதவியாளர் என்ற இடத்தில் மாணவர் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். ராமநாதபுரம் அரண்மனையின் ஆதரவில் இருந்த பூச்சி ஸ்ரீநிவாச அய்யங்கார் பட்டணம் சுப்பிரமணிய அய்யரின் மாணவர். அவருடைய மாணவர் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார். அவருடைய மாணவர் கே. வி. நாராயணசுவாமி. ராமநாதபுரம் சி. எஸ். சங்கரசிவத்திடம் கற்றவர் மதுரை டி. என். சேஷகோபாலன். சங்கரசிவத்தின் தம்பி முருகபூபதியின் மிருதங்கத்துக்குத் தனிப்பக்கம் தேவைப்படும்.

ஒருவரின் பக்கம் ஓரளவு நிரம்பியதும், அவருடைய பாட்டுகளை ஆண்டு வரிசையில் கேட்பது அடுத்த வேலை. பிடித்ததிலிருந்து தொடங்காமல் முதலாவதிலிருந்து தொடங்க வேண்டும். சௌந்தரராஜனின் முதல் பாட்டில் தியாகராஜ பாகவதரின் சாயல் அப்படியே இருக்கும். நான்கே ஆண்டுகளில், 1954இல் ஜி. ராமநாதனின் இசையில் ‘தூக்குத் தூக்கி’க்குப் பாடும்போது, சிவாஜி கணேசனின் பேச்சுக்கு ஒட்டும்படி குரல் மாறியிருக்கும். ஜானகி 1957இல் ‘விதியின் விளையாட்டு’ படத்தில் தொடங்கினார்; அங்கிருந்து ‘சிங்கார வேலனே’, பிறகு 1977இல் ‘பதினாறு வயதினிலே’ படத்தின் ‘செந்தூரப் பூவே’ என்று மூன்றையும் ஒரே இரவில் கேட்டால், இருபது ஆண்டு உழைப்பு ஒரு குரலை என்ன செய்கிறது என்பது தெரியும். ஒரு கலைஞருக்கு மூன்று பாட்டு போதும். தொடக்கம், நடு, பிற்காலம் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கேட்டவுடன் இரண்டு வரி எழுதுங்கள். மறுநாள் எழுதலாம் என்று தள்ளினால் காதில் இருந்தது போய்விடும்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. இசைத்தட்டு பார்க்காத கலைஞர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காக நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதி வாருங்கள். உத்தரகோசமங்கைத் திருவாதிரைக்குப் போனபோது, வாசித்து முடித்துச் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் முனையை, துடைத்துக்கொண்டிருந்த வயதான நாதஸ்வரக்காரரிடம், “அய்யா, உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?” என்று கேட்டேன். அவர் சீவாளியை உறையில் வைத்துவிட்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆசானின் பெயரையும் அவருடைய ஆசானின் பெயரையும் சொன்னார். “இதெல்லாம் யார் கேக்குறா தம்பி” என்றும் சொன்னார். வலப்பக்கத்தில் மூன்று பெயர்களையும் எழுதிவிட்டேன். இடப்பக்கத்தில் பாட்டுக்கான இடம் காலியாக இருக்கிறது, ஏனென்றால் அவர் வாசித்தது எதுவும் எங்கும் பதிவாகவில்லை. அடுத்த திருவாதிரைக்கு முதல்நாள் இரவே வந்தால் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பதிந்துகொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.