ஆக்டிவ் பிக்கப் கொண்ட மின் கிடார்களை ஒப்பிட்டுத் தேர்வது எப்படி

கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தக் கருவியே பிக்கப்; பேட்டரியில் இயங்குவது ஆக்டிவ், பேட்டரி தேவைப்படாதது பாஸிவ். ஆக்டிவ் பிக்கப் பொருத்திய கிடாரையும் வழக்கமான பாஸிவ் பிக்கப் கொண்ட கிடாரையும் ஒரே ஆம்பில் (ஒலிபெருக்கியில்) அடுத்தடுத்துச் செருகி வாசித்தால், முதலாவதே மேலானது என்று காது உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க வேண்டாம். ஆக்டிவ் பிக்கப்புகளில் பல கூடுதல் வலுவான சிக்னலைத் தருபவை. சற்றே உரத்து ஒலிக்கும் எதுவும் தெளிவாகவும் நிறைவாகவும் தோன்றுவது செவியின் இயல்பு. ஆகவே ஒலி அளவைச் சமப்படுத்தாமல் செய்யும் எந்த ஒப்பீடும் பிக்கப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டு வகைகளுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாஸிவ் பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அதனால் அதன் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, impedance) உயர்ந்திருக்கும். கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்குதிறன் இருப்பதால், கேபிள் நீள நீள உச்ச அதிர்வெண்கள் மங்கும். ஆக்டிவ் பிக்கப்பில் சுற்றுகள் குறைவு. அது தரும் மெல்லிய சிக்னலை 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறு ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வலுவாக்கிக் குறைந்த மின்மறுப்புடன் வெளியே அனுப்புகிறது. ராப் டர்னர் 1976-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஈஎம்ஜி நிறுவனத்தின் 81 மாடலில் இந்த ப்ரீஆம்ப் பிக்கப்பின் உள்ளேயே இருக்கிறது. அதன் வெளியீட்டு மின்மறுப்பு 10 கிலோஓம் மட்டுமே. ஆறு மீட்டர் கேபிளானாலும் பத்து மீட்டர் கேபிளானாலும் அதன் ஒலி ஏறக்குறைய மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒப்பிட வேண்டிய கிடார்களைத் தேர்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மரம், கழுத்துப் பொருத்தம், ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் நீளம்), பிக்கப் ஆகிய எல்லாமே வேறுபடும் இரண்டு கிடார்களை எடுத்துக்கொண்டு, கேட்ட வேறுபாட்டை முழுவதும் பிக்கப்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இதற்கு நல்ல மாற்று, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இணைகளைத் தேடுவது. ஈஎஸ்பி நிறுவனத்தின் எல்டிடி ஈசி-1000 இதற்கு மிகவும் ஏற்றது. மஹாகனி உடல், மஹாகனிக் கழுத்து, 24.75 அங்குல ஸ்கேல் கொண்ட இந்த மாடல், ஈஎம்ஜி 81, 60 ஆகிய இரு பிக்கப்புகளின் இணையுடனும் வந்துள்ளது, சீமோர் டங்கன் நிறுவனத்தின் பாஸிவ் ஹம்பக்கர்களுடனும் (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புகள்) வந்துள்ளது. அவ்விரண்டையும் வைத்து வாசித்தால் பிக்கப்பின் வேறுபாடு பெருமளவு தனித்துத் தெரியும்.

அடுத்ததாக, ஈஎம்ஜி பொருத்திய ஈசி-1000-உடன் ஒப்பிட, அதே ஈஎம்ஜி பிக்கப்புகள் கொண்ட ஃபெண்டர் ஜிம் ரூட் டெலிகாஸ்டரை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் மஹாகனி உடலே. ஆனால் மேப்பிள் கழுத்து திருகாணிகளால் பிணைக்கப்பட்டது, ஸ்கேல் 25.5 அங்குலம். ஒரே தடிமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது இழுவிசை நீளத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வதால், டெலிகாஸ்டரில் இழுவிசை சுமார் 6 சதவீதம் அதிகமாக இருக்கும். சுருதியைத் தாழ்த்தி வாசிப்பவர்கள் அந்த இறுக்கத்தை விரலிலேயே உணர்வார்கள். ஆக்டிவ் பிக்கப் எல்லாக் கிடார்களையும் ஒரேபோல் ஒலிக்கச் செய்துவிடும் என்ற குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை என்பதை இந்த இரண்டாம் இணையே காட்டும். வேறுபாடு குறைகிறது என்பதை ஏற்கிறேன். மறைந்துவிடுகிறது என்பதை ஏற்க மாட்டேன்.

வாசிக்கத் தொடங்கும் முன் இரண்டிலும் ஒரே தடிமனுள்ள புதிய கம்பிகளை மாட்டி, ஒரே சுருதிக்குக் கூட்ட வேண்டும். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை இரண்டிலும் 2 மில்லிமீட்டர் அளவில் சமமாக வைப்பது நல்ல தொடக்கம். கணினியில் பதிவுசெய்து ஒப்பிடுபவர்கள், ஆடியோ இன்டர்ஃபேஸில் கிடாருக்கென உள்ள உயர் மின்மறுப்பு உள்ளீட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் பாஸிவ் பிக்கப்பின் ஒலி மங்கிப்போகும், ஆக்டிவ் பிக்கப்போ பெரிய பாதிப்பின்றித் தப்பிவிடும். இந்த அநீதியை அறியாமலே பலர் பாஸிவ் பிக்கப்பைக் குறை சொல்கிறார்கள்.

பிறகு, கிளீன் ஒலியில் ஒரே கார்டை ஒரே வேகத்தில் மீட்டி, ஒலி அளவைக் காட்டும் மீட்டரில் அளவுகள் பொருந்தும்வரை உள்ளீட்டைச் சரிசெய்ய வேண்டும். டிஸ்டார்ஷனில் ஒப்பிடும்போதும் வலுவான பிக்கப்புக்கு கெய்னை (உள்ளீட்டுப் பெருக்கத்தை) குறைத்துச் சமமான கரகரப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின் கேட்க வேண்டியவை சில உண்டு. உள்ளங்கையை பிரிட்ஜில் வைத்து அடக்கி வாசிக்கும் தாழ்ந்த சுரங்கள் எவ்வளவு விரைவாகவும் இறுக்கமாகவும் எழுகின்றன என்பதில் 81 மாடல் மிகவும் சிறந்தது. மெட்டல் இசையில் அது நிலைபெற்றதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். மெல்ல வருடுவதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை பாஸிவ் பிக்கப் பெரும்பாலும் விரிவாகக் காட்டும். வால்யூம் குமிழைப் பாதியாகக் குறைத்தும் கேளுங்கள்: பாஸிவ் கிடாரில் உச்ச ஒலிகள் கொஞ்சம் மறையும், ஆக்டிவில் அளவு மட்டுமே குறையும். கணினித் திரைக்கும் மின்மாற்றிக்கும் அருகில் நின்று இரைச்சலைக் கேட்பதும் அவசியம். ஆக்டிவ் பிக்கப்பின் அமைதி அங்கேதான் புலப்படும்.

ஆக்டிவ் என்றாலே மெட்டல் என்று எண்ணிவிடவும் கூடாது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் கிடார் கலைஞர் டேவிட் கில்மர் தம் சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில்) பயன்படுத்திய ஈஎம்ஜி எஸ்ஏ பிக்கப்புகள் கிளீன் ஒலியின் அழகுக்குப் பெயர்பெற்றவை. 2014-இல் வந்த ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் இன்னொரு பாதை: கம்பிச் சுருளுக்குப் பதிலாக அச்சிட்ட சுற்றுப்பலகை அடுக்குகள் இதில் உள்ளன, ஒரே பிக்கப்பில் வெவ்வேறு குரல்களை (ஒலித்தன்மைகளை) மாற்றிக்கொள்ளவும் முடியும். அப்படிப்பட்ட கிடாரை ஒப்பிடும்போது ஒவ்வொரு குரலுக்கும் அளவைத் தனியாகச் சமப்படுத்த வேண்டும்.

பேட்டரியும் ஒப்பீட்டின் பகுதியே. ஒரு ஈஎம்ஜி 81 மாடலுக்கு சுமார் 3,000 மணி நேரம் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. ஃப்ளூயன்ஸ் அதைவிட மிகுதியான மின்னோட்டத்தை எடுப்பதால் பேட்டரியை விரைவில் மாற்ற நேரும். கேபிளைச் செருகியவுடன் மின்னிணைப்பு தொடங்கிவிடுவதால், வாசிக்காத நேரத்தில் கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும். பழைய கிடாரை வாங்குபவர்கள் புதிய பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மாற்றிவிட்டு வாசிப்பது நல்லது. தளர்ந்த பேட்டரியில் சிக்னல் மெலிந்து பிசிறடிக்கும், அதை பிக்கப்பின் குறையாகக் கொள்ள நேரிடும். பின்மூடியைத் திறந்து குமிழ்களின் மின்தடை மதிப்பையும் பாருங்கள். பாஸிவ் ஹம்பக்கர்களுக்கு 500 கிலோஓம், ஈஎம்ஜி போன்றவற்றுக்கு 25 கிலோஓம் என்பதே முறை. யாரோ பிக்கப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய 500 கிலோஓம் குமிழ்களை விட்டுவைத்திருந்தால் வால்யூம் படிப்படியாகக் குறையாது, சட்டென்று விழும். குமிழ்களை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.