ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு உடல்நலக் குறிப்புகள்

அந்தமானின் பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேரில் இருக்கிறது. ஹேவ்லாக்கில் இருப்பது சிறிய சுகாதார நிலையம்தான். இரண்டுக்கும் நடுவே படகில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். இருட்டிய பிறகு பயணிகள் படகு கிடையாது. அதனால் உடம்பு சரியில்லை என்றால் மதியத்துக்குள் முடிவெடுங்கள். கடல் கொந்தளித்தால் படகுகள் நின்றுவிடும். தினமும் போடும் மாத்திரைகளை நான்கு நாளைக்குக் கூடுதலாக, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். (பயணச்சீட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்றிருந்தால் அது போர்ட் பிளேர்தான், ஸ்வராஜ் தீவு என்றால் ஹேவ்லாக்.)

படகுக் குமட்டலுக்கான மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்குங்கள். வாந்தி தொடங்கிய பின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

அங்கே பலரும் அலட்சியம் செய்வது பவளப்பாறைக் கீறலைத்தான். பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் பவளத் துணுக்குகள் உள்ளே தங்கிவிட்டால் வாரக்கணக்கில் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். சோப்பு போட்டு மெல்லிய துணியால் தேய்த்துத் துணுக்குகளை எடுத்துவிட்டு, போவிடோன் அயோடின் தடவுங்கள். எரியும், ஆனாலும் தேய்க்காமல் விடாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதை ஊரிலேயே பார்த்துவிடுவது நல்லது.

திருக்கை, கல்மீன், கடல் முள்ளெலி குத்தினால் அந்த இடத்தைச் சுமார் 45 டிகிரி வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வையுங்கள், வலி குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால்தான் சோதிக்க வேண்டும். வலியில் மரத்த கால், தோல் வெந்தாலும் சொல்லாது. ஆழமாக ஏறிய முள்ளைத் தோண்டாமல் மருத்துவரிடம் விடுங்கள். சொறிமீன் பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். மூச்சு முட்டினால் உடனே 112க்கு அழையுங்கள்.

ஸ்கூபா முடித்த அன்றே விமானம் ஏறக்கூடாது. ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி தேவை. 24 விட்டால் இன்னும் நல்லது. இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழிகளாகிவிடும். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் மூழ்கவே வேண்டாம், செவிப்பறை கிழியலாம். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் மூழ்குவதற்கு முன் நிரப்பும் உடல்நலப் படிவத்தில் மறைக்காதீர்கள்.

முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள கரையிலும், அலையாத்திக் காட்டு ஓடை வாயிலும் இறங்காதீர்கள்.

எலிக்காய்ச்சல் அந்தமானில் வெகுகாலமாக உண்டு. மழைக்காலத்தில் புண்ணுள்ள காலோடு தேங்கிய நீரில் நடக்காதீர்கள். ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றையும் பார்க்க வேண்டியிருப்பதால், அந்தமான் போய் வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அதுவரை பாராசிட்டமால் மட்டும் போதும். டெங்குவாக இருந்தால் இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவை அதிகமாக்கும்.