முதல் கேரவன்: எத்தனை அடி வண்டி எடுப்பது?

கேரவன், அதாவது கட்டிலும் கிச்சனும் வைத்த கேம்பர் வேன், வாங்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை அடி வண்டி எடுக்கலாம்?" என்றுதான். அதற்கு விடை கடைசியில்தான் கிடைக்கும். ராத்திரி எத்தனை பேர் படுப்பது, எவ்வளவு எடை ஏறும், எந்த ரோட்டில் ஓடும், வீட்டில் எங்கே நிற்கும் என்ற நாலும் தெளிவாகிவிட்டால் நீளம் தானாக வந்துவிடும். வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் கட்டிலையும் கிச்சனையும் அதற்குள் திணிக்கப் பார்த்தால் ஆறு மாதத்தில் விற்க வேண்டி வரும்.

படுக்கிற தலையை எண்ணுங்கள்

குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனால் அப்பாரு, ஆத்தா, ஒறம்பரை என்று எட்டுப் பேர் ஏறுவார்கள். ஆனால் பொழுதோடு வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். வருஷத்தில் ஓரிரு நாள் வருகிற அந்தக் கூட்டத்தை மனதில் வைத்துப் பெரிய வண்டி எடுக்காதீர்கள். அன்றைக்கு ஒரு வேன் வாடகைக்குப் பிடிப்பது எவ்வளவோ மேல். மாதாமாதம் உங்களோடு வந்து வண்டிக்குள் படுப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓடும்போது உட்காருகிற ஒவ்வொருவருக்கும் முன்பக்கம் பார்த்த, பெல்ட் உள்ள சீட் வேண்டும். "நாலு பேர் படுக்கலாம்" என்று விற்கிற வண்டியில் பெல்ட் சீட் மூன்றுதான் இருந்தால், அது உங்களுக்கு மூன்று பேர் வண்டி. ஓடுகிற வண்டியில் குழந்தையைக் கட்டிலில் படுக்க வைக்கவே கூடாது. சடன் பிரேக் அடித்தால் பிள்ளை நேராக டேஷ்போர்டில்தான் போய் விழும்.

படுக்கையில் பலரும் ஏமாறுவது அகலத்தில். வேனின் வெளி அகலம் சுமார் 1.9 மீட்டர் என்றால், இரண்டு பக்கமும் வெப்பத்தடுப்பும் பேனலும் ஒட்டிய பிறகு உள்ளே 1.7 மீட்டர் அளவுதான் மிஞ்சும். குறுக்கே கட்டில் போட்டால் ஐந்தரை அடிக்கு மேல் உயரமானவர் காலை மடக்கித்தான் படுக்க முடியும். ஒரு ராத்திரி தாங்கலாம், மூன்றாவது ராத்திரி இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் நெட்டுவாக்கில் போட வேண்டும். அப்படிப் போட்டால் நீளத்தில் 190 செ.மீ. கட்டிலுக்கே போய்விடும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கட்டில் 190, கிச்சன் மேடை 100, பாத்ரூம் 80. மொத்தம் 370 செ.மீ. டிரைவர் கேபினும் பானெட்டும் சேர்ந்து 175 செ.மீ. அளவு வரும். ஆக, இரண்டு பேர் நிம்மதியாகப் படுத்து எழ ஐந்தரை மீட்டர் வண்டி. பாத்ரூம் வேண்டாம், ஒரு போர்ட்டபிள் டாய்லெட் போதும் என்றால் 4.7 மீட்டரில் முடிந்துவிடும். இரண்டு பிள்ளைகளும் உண்டு என்றால் பெல்ட் உள்ள ஒரு பெஞ்ச் சீட்டும் மேஜையும் சேர்த்து 120 செ.மீ. கூடுதல். அதுவே ராத்திரி பிள்ளைகளுக்குப் படுக்கை. அப்போது 6.7 மீட்டர் அளவுக்கு வரும். பெரியவர்கள் நாலு பேர் என்றால் ஏழு மீட்டரிலும் நெருக்கடிதான்.

காகிதத்தில் போட்ட பிளானை மட்டும் நம்ப வேண்டாம். தோட்டத்துக் களத்திலோ மொட்டை மாடியிலோ 1.7 மீட்டர் அகலம், 3.7 மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸில் கோடு போடுங்கள். உள்ளே ஒரு கயிற்றுக் கட்டிலையும், பாத்ரூமுக்குப் பதிலாக ஒரு தண்ணி டிரம்மையும் வையுங்கள். ஸ்டூல் மேல் அடுப்பை வைத்து, கோட்டைத் தாண்டாமல் காலையில் டீயும் தோசையும் போட்டுப் பாருங்கள். ஒருவர் சமைக்க இன்னொருவர் கட்டிலில் இருந்து எழுந்து பாத்ரூம் போக வேண்டும். நடைவழி 50 செ.மீ.க்குக் குறைந்தால் இரண்டு பேரும் இடித்துக்கொள்வீர்கள். இந்த ஒரு காலைப் பொழுதில் தெரிவது எந்த ஷோரூமிலும் தெரியாது.

உயரத்துக்கு ஒரே விதி. வீட்டில் உயரமானவர் செருப்போடு நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேல் நாலு விரல் இடம் வேண்டும். தரை பிளைவுட், கூரை வெப்பத்தடுப்பு, சீலிங் எல்லாம் சேர்ந்து 6, 7 செ.மீ. தின்றுவிடும். அதனால் வெறும் வண்டியின் உள்ளுயரத்தில் இருந்து அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

எடைதான் உண்மையான அளவு

இடம் இருந்தும் எடை தாங்காத வண்டிகள்தான் அதிகம். ஆர்.சி.யில் மொத்த எடை, வெற்று எடை இரண்டும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஆளும் அதில் அடக்கம்.

பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் போகிற வண்டிக்கு ஒரு கணக்கு. ஆட்கள் 200 கிலோ. துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு 60. நல்ல தண்ணி 100 லிட்டர், அது 100 கிலோ. ஏ.சி. 45. லித்தியம் பேட்டரி 200 ஏ.எச். 25. இன்வெர்ட்டரும் வயரிங்கும் 15. 200 வாட் சோலார் பேனல் மூன்று 36. ஃபிரிட்ஜ் 20. 5 கிலோ கேஸ் சிலிண்டர் நிரம்பிய நிலையில் 12. மர வேலை, தரை, வெப்பத்தடுப்பு 350. கூட்டினால் 863. இதற்கு மேல் 15 சதவீதம் கையிருப்பு வைத்தால் ஆயிரம் கிலோ. மாருதி ஈக்கோ மாதிரிச் சின்ன வேனின் தாங்குதிறன் இதில் ஏறக்குறையப் பாதிதான். அதில் இரண்டு பேர், ஒரு மெத்தை, ஒரு ஸ்டவ், 30 லிட்டர் தண்ணி என்று நிறுத்திக்கொண்டால் அருமையான வண்டி. அதற்கு மேல் ஆசைப்பட்டால் பின் ஸ்பிரிங் உட்காரும், டயர் சூடாகும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.

எடையைக் கூட்டுவதில் முதல் ஆள் பிளைவுட். 18 எம்.எம். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 35 கிலோ அளவு வரும். அதே ஷீட் 12 எம்.எம்.மில் 23 கிலோ. பத்து ஷீட் போகிற வேலையில் 120 கிலோ வித்தியாசம், இரண்டு ஆள் எடை. நம் ஆசாரிகள் வீட்டு அலமாரிக்குக் கட்டுகிற பழக்கத்தில் 18 எம்.எம்.மையே எடுப்பார்கள். கட்டில் தாங்குகிற இடத்துக்கு மட்டும் அது போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கிரானைட் மேடை பற்றி நினைக்கவே வேண்டாம்.

தண்ணித் தொட்டி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன், பின் ஆக்சில் (சக்கர அச்சு) இரண்டுக்கும் நடுவே, தரைக்குக் கீழே இருக்க வேண்டும். பின் ஆக்சிலுக்குப் பின்னால் 100 லிட்டர் தொட்டியை வைத்தால் அது நெம்புகோலாக வேலை செய்து முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டீயரிங் லேசாகி, மழையில் வளைவு எடுக்கும்போது வண்டி நேராகப் போகப் பார்க்கும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு இல்லாவிட்டால் பாதித் தண்ணி கொண்டை ஊசி வளைவில் ஒரே பக்கம் பாயும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் குளியலும் சமையலும் ஒப்பேறும்.

ஏ.சி. ஆசைதான் வண்டியைப் பெரிதாக்குகிறது. ஒரு டன் ஏ.சி. ஓடும்போது சுமார் 1,000 வாட் இழுக்கும். 12.8 வோல்ட், 200 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 2,560 வாட்-மணி. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் கரூர், ஈரோட்டில் ராத்திரி பூரா ஓட வேண்டுமானால் வெளிக் கரண்ட் வேண்டும், அல்லது பேட்டரி இரண்டு மூன்று மடங்காக வேண்டும். உள்ளே இடம் கூடக் கூடக் குளிர நேரம் ஆகும், பேட்டரி கூடும், எடை கூடும். வால்பாறைக்கும் ஊட்டிக்குமே அதிகம் போவீர்கள் என்றால் ஏ.சி.யை விட்டுவிட்டு ஒரு அளவு சின்ன வண்டி எடுக்கலாம்.

நம் ரோடு தாங்குமா?

நம் கொங்குப் பக்கம் எங்கே கிளம்பினாலும் மலைதான். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. வளைவில் தடுமாற வைப்பது மொத்த நீளம் மட்டுமல்ல, வீல்பேஸும் (முன், பின் ஆக்சிலுக்கு இடையே உள்ள தூரம்) பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும்தான். ஃபோர்ஸ் டிராவலர் வேனே 3,050, 3,350, 3,700, 4,020 எம்.எம். என்று பல வீல்பேஸில் வருகிறது. 3,350 வரைக்கும் கொல்லிமலையில் பெரும்பாலும் ஒரே மூச்சில் திருப்பலாம். 4,020 என்றால் உள் வளைவில் எதிரே வருகிற பஸ்ஸுக்கு வழி விட்டு, நின்று, அகலமாக எடுக்கப் பழக வேண்டும். ஸ்டீயரிங் ஒடிக்கும்போது வால் வெளிப்பக்கம் வீசும் என்பதையும் மறக்கக் கூடாது. பின்நீட்சி வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு, ஸ்டெப்னி என்று மாட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தாண்டினால் வேகத்தடையிலேயே வால் உரசும்.

உயரமான வண்டிக்கு இங்கே இன்னொரு எதிரி காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது. 2.9 மீட்டர் உயரப் பக்கச் சுவரை அது விடுமா? லாரியைத் தாண்டி வெளியே வந்த நொடியில் வண்டி ஒரு பக்கம் தள்ளும். ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள். கூரை மேல் கேரியர் வைத்துச் சாமான் அடுக்கவும் வேண்டாம்.

திம்பம் மலைப்பாதையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை உண்டு. நீலகிரிக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும். வண்டி சின்னது என்பதால் இதிலெல்லாம் விலக்கு கிடைக்காது.

வீட்டில் நிற்குமா?

கேட் அகலம், போர்டிகோ உயரம், தெருவில் குறுக்கே போகிற சர்வீஸ் ஒயர், ஊர் நுழைவாயில் ஆர்ச், வழியில் வருகிற ரயில்வே கீழ்ப்பாலம். எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 2.6 மீட்டர் வேன் மேல் ஏ.சி.யும் பேனலும் ஏறினால் 2.9 மீட்டர், அதாவது ஒன்பதரை அடி. பல வீட்டுப் போர்டிகோவில் நுழையாது. தோட்டத்தில் நிறுத்துவது நல்லதுதான், ஆனால் தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். ஒரு நெத்து விழுந்தால் சோலார் பேனல் போச்சு.

லைசென்ஸும் ஆர்.சி.யும்

மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வரை சாதாரணக் கார் லைசென்ஸ் போதும். சொந்த உபயோக கேம்பர் வேனுக்கு மஞ்சள் போர்டு தேவையில்லை. ஆனால் பழைய டூரிஸ்ட் வேனை வாங்கி சீட்டைக் கழற்றிக் கட்டில் போடுவது 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன் கீழ் மாற்றம். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வேலை முடிந்த பிறகு அல்ல, பிளானோடு முதலிலேயே போய்ப் பேசுங்கள். ஆர்.சி. ஒன்று, வண்டி ஒன்று என்று இருந்தால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும்.

எந்த அளவு யாருக்கு

முதல் வண்டிக்கு ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி என்பதே எங்கள் அழுத்தமான கருத்து. இரண்டு பெரியவர் தாராளமாகப் போகலாம், மலை ஏறும், ஊர்ச் சந்தில் நுழையும், விற்க நினைத்தாலும் கை மாறும். பிள்ளைகள் இரண்டு, பத்து வயதுக்கு மேல் என்றால் 6.7 முதல் 7 மீட்டர். எட்டு மீட்டருக்கு மேல் பஸ் சேஸிஸில் கட்டுவது ஓரிடத்தில் வாரக்கணக்கில் நிற்கிறவர்களுக்கு மட்டும். முடிவெடுக்கும் முன் அதே நீளமுள்ள வேன் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து நீங்களே வால்பாறை வரை ஓட்டிப் பாருங்கள்.

பாடி கட்ட நம் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பஸ் பாடிக்குக் கரூர், லாரிக்கும் போர்வெல் ரிக்குக்கும் நாமக்கல், திருச்செங்கோடு. ஆனால் அவர்களுக்குப் பழக்கம் கனமான வேலை. அதனால் ஒப்பந்தத்திலேயே "முடித்த வண்டியின் வெற்று எடை இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது" என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் தொட்டியை நிரப்பி, குடும்பத்தோடு ஏறி, பக்கத்து எடை மேடைக்கு வண்டியை விடுங்கள். முதலில் முழு வண்டி, அப்புறம் முன் சக்கரம் மட்டும், அப்புறம் பின் சக்கரம் மட்டும். மூன்று சீட்டையும் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடும், வண்டிக் கம்பெனி சொல்கிற ஆக்சில் எடைகளோடும் வைத்துப் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்து பின் ஆக்சில் மட்டும் தாண்டினால் பேட்டரியையும் தொட்டியையும் முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். மொத்தமே தாண்டினால் முதலில் கழற்ற வேண்டியது மேல் அலமாரிகளைத்தான்.