தேய்ந்த வெள்ளிக் காசை மினுக்காதீர்கள்

திருகோணமலையில் பழைய வீடுகளின் தகரப் பெட்டிகளில் விக்டோரியா ராணி காலத்து ஐம்பது சத வெள்ளிக் காசு இன்னும் கிடக்கும். அம்மம்மா எனக்குத் தந்ததில் ராணியின் கன்னம் வழவழவென்று தேய்ந்து, பின்பக்கத் தாளிப்பனை மட்டும் மங்கலாகத் தெரிகிறது. எத்தனை கைகள் மாறியிருக்கும்! புதுக்கருக்குக் காசில் அந்தச் சுகம் கிடையாது. தேய்ந்த காசின் விலையும் பெரும்பாலும் வெள்ளியின் எடையை ஒட்டியே இருப்பதால், பயமில்லாமல் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

வாங்கும்போது வருடத்தைப் பாருங்கள். 1892 முதல் 1917 வரை வந்த ஐம்பது சதத்தில் 80 சதவீதம் வெள்ளி. 1919 முதல் 1942 வரை 55 சதவீதம்தான். 1943இல் வெள்ளியே இல்லை. வெள்ளிக் காசின் எடை புதிதில் 5.83 கிராம்; தேய்ந்தது சற்றுக் குறையும். காந்தம் ஒட்டினால் அது வெள்ளியல்ல, விட்டுவிடுங்கள்.

அப்புறம், புளியோ பற்பசையோ போட்டுத் தேய்க்கவே வேண்டாம். அந்தக் கருமைதான் காசின் வயது. நம்மூர்க் கடற்காற்றுக்கு, நன்றாக உலர்த்தி, காகித உறையில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ரப்பர் பட்டி மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.