பழைய ராணுவத் தோட்டா: அவசரப்பட்டால் ஆபத்து

ட்ரிகரை அழுத்துகிறீர்கள். ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கை தானாகவே போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டும் உலோகத் துண்டை, திறக்கப் போகும். அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தோட்டாவின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மந்தமாகப் பற்றியிருந்தால் தோட்டா சற்றுத் தாமதித்தும் வெடிக்கும். போல்ட் பாதி திறந்திருக்கும்போது வெடித்தால், பித்தளைக் கூடு கிழிந்து சூடான வாயு முகத்தில் அடிக்கும். குழலை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு குறைந்தது 30 நொடி பொறுங்கள். ஒரு நிமிடம் என்றாலும் நஷ்டமில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று தோட்டா இப்படித் தாமதித்தால், அந்தப் பெட்டியையே நான் ஒதுக்கிவிடுவேன்.

சத்தம் ‘பொத்’ என்று அமுங்கி வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே மாட்டியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கும். முதலில் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள், அப்புறம் குழலுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள்.

தோட்டாவின் வயதைக் கண்டு பயப்படுபவர்கள் அது இருந்த இடத்தைக் கேட்பதில்லை. குளிர்ச்சியாக, ஈரம் புகாமல் மூடிவைத்த 1940களின் தோட்டா இன்றும் ஒழுங்காகச் சுடலாம். வெயிலில் வெந்து கிடந்தது இளையதாயினும் நம்பத் தகாது. கூட்டின் கழுத்தில் மயிரிழை விரிசல், ஆடும் குண்டு, பெட்டியைத் திறந்ததும் அமில நெடி, இதில் ஒன்று தெரிந்தாலும் சுட வேண்டாம். பச்சைக் களிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும், அரித்துப்போன உலோகம் திரும்பி வராது.

பெயரை நம்பியும் ஏமாறலாம். ஜெர்மனியின் 1888 மாடல் துப்பாக்கிக்கான குண்டின் விட்டம் சுமார் 8.08 மி.மீ.; பின்னால் வந்த கூர்முனைக் குண்டு 8.20 மி.மீ. இரண்டையும் ‘8 மி.மீ. மவுசர்’ என்றே சொல்வார்கள். மாற்றியமைக்காத பழைய குழலில் பெரியதைச் சுட்டால் அழுத்தம் எகிறும்.

சுட்டு முடித்ததும் எண்ணெய் தடவி உறையில் வைப்பது இன்னொரு தவறு. பழைய ராணுவ பிரைமர்கள் பலவற்றில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்தபின் அது உப்பாகக் குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எண்ணெயில் இந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அன்றே வெந்நீர் ஊற்றி, துணி விட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் போடுங்கள். போல்ட் முகப்பையும், தானியங்கி என்றால் வாயுக் குழாயையும் விடாதீர்கள். அம்மோனியா உப்பை முறிக்கும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். உண்மையில் வேலை செய்வது அந்த பாட்டிலில் கலந்திருக்கும் தண்ணீர்தான்.