பிள்ளை தானே உடுத்திக்கொள்ளப் பழக்குவது: காலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு

காலை எட்டரைக்குள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டிய அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைக்கு இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருந்தால் அப்படியே பொருந்தும். என் மகள் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய புதிதில் எல்லாவற்றுக்கும் "நானே, நானே" என்று நிற்பாள், எனக்கோ காரைக்குடி பேருந்தைப் பிடிக்க வேண்டும், நான் சட்டையை வாங்கிப் போட்டுவிட்டால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அழுவாள். இப்போது ஜட்டியில் இருந்து செருப்பு வரைக்கும் அவளே போட்டுக்கொள்கிறாள், முதுகுப் பக்கப் பட்டன் ஒன்றுக்குத்தான் என்னிடம் வருகிறாள். குளிப்பாட்டுவது, பவுடர் போடுவது, தலை வாருவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் தொடவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் சொல்லிக்கொடுக்காதீர்கள். காலையில் உங்கள் கை அவசரப்படும், பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு எப்படியும் சாயங்காலம் ஒருமுறை மேல் கழுவி வேறு துணி மாற்றுகிறோம் இல்லையா, அதுதான் பாடம் நடத்துகிற நேரம். அங்கே கை பழகிய பிறகுதான் காலைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை காலையில் நீங்களே போட்டுவிடுங்கள், கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள்.

படி 1: கழற்றுவதில் இருந்து தொடங்குங்கள்

போடுவதைவிடக் கழற்றுவது எளிது. இரண்டு வயதிலேயே சாக்ஸை இழுத்துக் கழற்றிவிடுவார்கள். மூன்று வயதுவாக்கில் எலாஸ்டிக் வைத்த டவுசர் வசப்படும், பெரிய பட்டன் நான்கு வயதுக்கு, ஷூ லேஸ் கட்டுவதற்கு ஐந்தாறு வயது ஆகும். இது ஏறக்குறையச் சொல்வது, பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் வீட்டில் யாருக்கும் அனுமதிக்காதீர்கள்.

படி 2: துணியை மாற்றுங்கள்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். பிள்ளையால் போட முடியாத துணியைக் கொடுத்துவிட்டு "நீயே போடு" என்றால் அது எங்கே போகும்?

இடுப்புக்கு நாடா வேண்டாம். நாடா ஒரு பக்கம் உள்ளே போய்விடும், இல்லையென்றால் கடும்முடிச்சு விழும், அதுவும் பிள்ளை அவசரமாகச் சிறுநீர் கழிக்க ஓடும் நேரத்தில். தையல்காரரிடம் ஓர் அங்குல அகல எலாஸ்டிக் வைத்துத் தரச் சொல்லுங்கள். மெல்லிய எலாஸ்டிக் கயிறாகச் சுருண்டு இடுப்பை அறுக்கும். கழுத்துப் பக்கம் கயிறோ நாடாவோ தொங்கும் சட்டைகளை வாங்கவே வேண்டாம், சறுக்கு மரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். பிய்ந்து வரும் நிலையில் இருக்கிற முத்து, கல், சின்னப் பட்டன் எதுவும் ஆகாது, வாய்க்குப் போய்விடும். ஊக்கு குத்தி அனுப்புவதும் வேண்டாம்.

வலைத்துணி வைத்து உப்பலாகத் தைத்த பிராக் பார்க்க அழகுதான், ஆனால் பங்குனி சித்திரையில் அதைப் போட்டால் பிள்ளை முதுகெல்லாம் வேர்க்குரு. பருத்தியைத் தவிர வேறு எதுவும் நான் தினப்படிக்கு வாங்குவதில்லை. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஒருமுறை அலசாமல் போடக் கூடாது. என் மகளுக்கு மிகவும் பிடித்த இரண்டு பாவாடைகள் அவள் அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையில் தைத்தவை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லோரும் புதுச் சேலையைத் தேடுகிறார்கள், எனக்குப் பழசுதான் பெரிது. கெட்டியான நூல், துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும், உடம்பை உறுத்தாது. உங்கள் வீட்டுப் பீரோவில் கிழிசல் விழுந்து கட்ட முடியாமல் ஒன்று கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

அளவு எடுக்கும்போது வயதைச் சொல்லி வாங்காதீர்கள். சரியாக இருக்கிற ஒரு சட்டையைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பாருங்கள். கழுத்துத் துளை பெரிதாக இருக்க வேண்டும், அது முக்கியம்.

படி 3: உட்காரும் இடம்

நின்றுகொண்டு ஒற்றைக் காலைத் தூக்கி டவுசரில் நுழைப்பது மூன்று வயதுக்கு ஆகாத வித்தை. உட்கார வையுங்கள். பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு வளவில் (வீட்டின் நடுப்பகுதியில்) முற்றத்தை ஒட்டிய படி இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் கிடையாது. கால் தரையில் பதிகிற உயரம், குனிந்தால் பாதம் எட்டும். மற்றவர்கள் சின்ன முக்காலியோ மணையோ போட்டுக்கொள்ளலாம். ஆத்தங்குடிக் கல் (வழவழப்பான பூக்கல்) பாவிய தரையாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: சாக்ஸைப் போட்டுக்கொண்டு எழுந்து ஓடினால் வழுக்கும். எங்கள் வீட்டில் சாக்ஸ் வாசலில், ஷூவோடு சேர்த்துத்தான்.

படி 4: டவுசர் (இங்கேதான் எல்லோரும் நிற்பார்கள்)

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எங்கள் வீட்டில் நெடுநாள் இழுத்தது இந்த ஒரு படிதான்.

டவுசரைத் தரையில் முன்பக்கம் மேலே தெரியும்படி விரித்து வையுங்கள். இடுப்புப் பக்கம் பிள்ளையைப் பார்த்து இருக்க வேண்டும். முன்பக்கம் எது என்று தெரியப் படம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் உள்ளே நடுவில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுவிடுங்கள். இரண்டு காலையும் நுழைத்து, பாதம் இரண்டும் வெளியே வந்த பிறகுதான் எழுந்து நிற்க வேண்டும். ஒரு பாதம் உள்ளே மாட்டியிருக்க எழுந்தால் குப்புற விழும்.

அடுத்து மேலே இழுக்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுப்பார்கள். முன்பக்கம் தொப்புளுக்கு வந்துவிடும், பின்பக்கம் பிட்டத்துக்குக் கீழேயே மாட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் ஏறாது, அழுகை தொடங்கும், நாம் பொறுக்க முடியாமல் பின்னால் இருந்து தூக்கிவிடுவோம். அப்படித் தூக்கிவிடத் தூக்கிவிட, பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது.

செய்ய வேண்டியது இதுதான். பிள்ளைக்குப் பின்னால் முட்டி போட்டு உட்காருங்கள். அதன் இரண்டு கட்டைவிரலையும் எலாஸ்டிக்குக்கு உள்ளே விட்டு, கையைப் பக்கவாட்டில் இருந்து பின்னுக்கு நகர்த்தி வையுங்கள். உங்கள் கை அதன் கைமேல் இருக்கட்டும். "பின்னாடி பிடி, மேலே தூக்கு" என்று ஒரே வாக்கியத்தைத் தினமும் சொல்லுங்கள், சொல்லை மாற்றாதீர்கள். முதலில் முக்கால்வாசி நீங்கள் ஏற்றிவிட்டு, பிட்டத்தைத் தாண்டிய கடைசி இழுப்பைப் பிள்ளை செய்யட்டும். அது பழகியதும் தொடை வரை ஏற்றிக் கொடுங்கள். அப்புறம் முட்டி வரை. கடைசியில் தரையில் இருந்து. இப்படிக் கடைசி இழுப்பில் இருந்து தொடக்கத்துக்கு வருவதில் ஒரு நன்மை, ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது பிள்ளையாக இருக்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவே மறுநாளும் வந்து நிற்கும்.

பழகும் நாட்களில் ஒரு அளவு பெரிய, தொளதொள டவுசராகக் கொடுங்கள். உடம்பு ஈரமாக இருந்தால் துணி ஏறாது, தொடையை நன்றாகத் துவட்டிவிடுங்கள்.

படி 5: சட்டை

பனியன் மாதிரித் தலைவழியாகப் போடும் சட்டையை, படம் கீழே, முதுகு மேலே இருக்கும்படிக் கட்டிலில் விரியுங்கள். அடிப்பக்கம் பிள்ளையைப் பார்த்து இருக்கட்டும். இரண்டு கையையும் அடியில் நுழைத்துக் கைத்துளை வழியே வெளியே நீட்டி, அப்படியே தலைக்கு மேலே தூக்கினால் கழுத்து இறங்கிவிடும், முன்பக்கமும் சரியாக இருக்கும். தலை முதலில் போனால் கையைத் தேடி இருட்டில் தவிப்பார்கள், எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை.

பட்டன் சட்டையில் கீழ்ப் பட்டனில் இருந்து மேலே போக வேண்டும். கீழே இருப்பது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும், இரண்டு ஓரமும் சமமாக இருக்கும், ஏறுக்குமாறாகப் போகாது. கழுத்துப் பட்டன் கண்ணுக்கே தெரியாது, அதை நீங்கள் போடுங்கள். புதுச் சீருடையில் பட்டன் துளை இறுக்கமாக இருக்கும், நாமே பத்து முறை போட்டுக் கழற்றி இளக்கிக் கொடுத்தால் போதும்.

படி 6: காலுக்கு

ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்த ஷூதான். லேஸ் வேண்டாம். இடது வலது மாறாமல் இருக்க, ஒரு யானை ஸ்டிக்கரை இரண்டாக வெட்டி ஒவ்வொரு ஷூவின் உள்ளே ஒரு பாதியை ஒட்டுங்கள். பக்கத்தில் வைத்தால் யானை முழுதாக வர வேண்டும். விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

படி 7: ராத்திரி வேலை

ஞாயிற்றுக்கிழமை மடிக்கும்போதே ஒரு நாளைக்கு ஒரு சுருட்டு: ஜட்டி, சிம்மிஸ், சட்டை, பாவாடை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி வயர் கூடையில் வைத்துவிடுகிறேன். அழகான அலமாரிப் பெட்டிகளை விட வயர் கூடைதான் எனக்குப் பிடிக்கும், பிள்ளை கையால் எட்டி எடுக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியும். ராத்திரி படுக்கும் முன் "மஞ்சளா பச்சையா?" என்று இரண்டை மட்டும் காட்டுங்கள். "எது வேண்டும்?" என்று பீரோவைத் திறந்துவிட்டால் விடிந்துவிடும். காலையில் சிம்மிஸோடு இட்லி சாப்பிட்டு, வாய் கழுவிய பிறகு மேல் துணி. நானும் சேலையைக் கடைசியில்தான் கட்டுகிறேன், தோள் பின்னைப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகுதான் குத்துகிறேன், தூக்கும்போது கன்னத்தில் கீறிவிடும்.

பள்ளிக்கோ காப்பகத்துக்கோ அனுப்பும் பையில் மாற்றுத்துணி ஒரு செட்டும் ஈரத்துணி போட ஒரு காலிக் கவரும் வேண்டும். பெயரைக் கழுத்து உள்பக்கம் நூலால் தைத்துவிடுங்கள், பேனா மை துவைத்தால் போய்விடும். காப்பகம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் சேர்த்தார்கள். கூச்சப்படாமல் உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு வந்த கேள்விகள்

தேவகோட்டையில் இருந்து ஒரு அக்கா கேட்டது: "டவுசர் இடுப்பு வரை ஏறுகிறது, அதற்கு மேல் போட்டால் பிள்ளை வலிக்கிறது என்கிறான்." அரைஞாண் கயிற்றைப் பாருங்கள் என்று சொன்னேன், அதுதான் காரணம். எலாஸ்டிக் கயிற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்திருக்கிறது, கயிறும் இறுகிப்போயிருக்கிறது. கயிற்றுக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும், டவுசர் அதற்குக் கீழே தள்ளியோ மேலே தள்ளியோ உட்காரலாம், கயிற்றின் மீதே அழுத்தி உட்காரக் கூடாது. குளித்ததும் ஈரக் கயிற்றைத் துடைத்துவிடுங்கள், அந்த இடம்தான் முதலில் புண்ணாகும். இதை நான் மேலேயே எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு நிறைய பேர் கேட்டுவிட்டார்கள்.

பள்ளத்தூரில் இருந்து ஒருவர்: "நான் பழக்குகிறேன், அத்தை போட்டுவிட்டுவிடுகிறார்கள்." எங்கள் வீட்டிலும் உண்டு. அப்பத்தாவுக்குப் பேத்தியை உடுத்திப் பார்ப்பது ஆசை, அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். தலை பின்னி பூ வைப்பது முழுக்க அப்பத்தா பொறுப்பு, துணி பிள்ளையின் பொறுப்பு. என் மாமியாரிடம் "அத்தை, அவள் போட்டு முடித்ததும் நீங்கள் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டேன். நான் பத்து தடவை சொல்வதைவிட அப்பத்தா ஒரு தடவை சொன்னால் அவளுக்குப் பெரிது.

பட்டுப்பாவாடை பற்றியும் கேட்டிருந்தார்கள். பிள்ளையார் நோன்பு, கல்யாணம், கோயில் திருவிழா என்று நம் பக்கம் அது இல்லாமல் முடியாது. பாவாடைக்கு மேலே பருத்தியில் பாடி (கையில்லாத மேல்பகுதி) வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், இடுப்பில் இருந்து நழுவாது, ஜரிகையும் உடம்பில் படாது. சட்டைக்குக் கொக்கியை முதுகில் வைக்காமல் முன்னால் பிரஸ் பட்டனாகக் கேளுங்கள். பெரும்பாலான தையல்காரர்கள் "முன்னாடி வெச்சா நல்லா இருக்காதும்மா" என்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். நீளம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், உள்ளே இரண்டு மடிப்புப் பிடித்து வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.