காம்யுவை வரிசைப்படுத்தப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

எங்கள் வாசகர் வட்டத்துக்கு வருடத்தில் ஒருவராவது பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் ‘சிறந்த ஐந்து நூல்கள்’ என்று ஒரு பட்டியலோடு வந்துவிடுவார். போன மாதம் வந்தவருக்கு இருபத்து நான்கு வயது. அவர் நீட்டிய தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமாகவும் இருந்தது. இருபது வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழுக்கு நான் எழுதிக் கொடுத்த அதே பட்டியல். முதலிடம் ‘சிசிஃபஸ் புராணம்’, கடைசி இடம் ‘வீழ்ச்சி’.

ஆண்டுகளை மாற்றிப் போடுவது, தத்துவவாதி சார்த்ர் சொன்னதைக் காம்யு தலையில் கட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை யாராவது உடனே திருத்திவிடுவார்கள். யாரும் திருத்தாமல் விட்டுவிடுகிற பிழைகள்தான் என் கவலை.

## ‘அபத்தம்’ என்ற ஒரே படியால் அளப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காம்யு அபத்தவாதி, ஆகவே எந்த நூலில் அபத்தம் அதிகமோ அதுவே சிறந்தது. கணக்கு சுலபமாகத்தான் இருக்கிறது. முதல் கோளாறு நம் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. ‘அபத்தமாப் பேசாதே’ என்று வீட்டில் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாம். உளறல், அசட்டுத்தனம் என்றே அந்தச் சொல் நம் காதில் விழும். காம்யு சொல்வது வேறு. மனிதன் காரணம் கேட்கிறான், உலகம் பதிலே சொல்வதில்லை. இந்த இரண்டும் முட்டிக்கொள்வதைத்தான் அவர் அப்படி அழைத்தார். மனிதன் தனியாக அபத்தமில்லை, உலகமும் தனியாக அபத்தமில்லை. இது பிடிபடாதவர்கள் காம்யுவின் ‘கலிகுலா’ நாடகத்தையும் நாடகாசிரியர் இயொனெஸ்கோவின் ‘காண்டாமிருகங்கள்’ நாடகத்தையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். ‘அபத்த நாடகம்’ என்ற பெயரைப் பரப்பிய விமர்சகர் மார்ட்டின் எஸ்லினே 1961இல் வந்த தன் நூலில் இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். காம்யு அபத்தத்தைப் பற்றித் தெளிவான, தர்க்கம் குலையாத வசனத்தில் வாதாடுகிறார். இயொனெஸ்கோவிடம் நாடகத்தின் வடிவமே குலைந்துபோகிறது.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரிது. 1941 பிப்ரவரியில் காம்யு தன் குறிப்பேட்டில், சிசிஃபஸ் முடிந்தது, மூன்று அபத்தங்களும் முடிந்தன என்று எழுதிவைத்தார். நாவல் ‘அந்நியன்’, கட்டுரை ‘சிசிஃபஸ் புராணம்’, நாடகம் ‘கலிகுலா’ ஆகியவைதான் அந்த மூன்று. அப்போது அவருக்கு வயது 27. 1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் இறக்கும்வரை இன்னும் 19 ஆண்டுகள் எழுதினார். அடுத்த சுற்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கலகம். ‘கொள்ளைநோய்’ (1947), ‘நீதிமான்கள்’ (1949), ‘கலகக்காரன்’ (1951) எல்லாம் அந்தச் சுற்றில் வந்தவை. ‘சிசிஃபஸ் புராணம்’ தொடங்குவதற்கு முன்பே, இதுவரை முடிவாகக் கருதப்பட்டு வந்த அபத்தத்தைத் தான் தொடக்கமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடுகிறார். அவர் புறப்பட்ட இடத்தைப் போய்ச் சேர்ந்த இடம் என்று நாம் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் கதைக்கு வருகிறேன். ‘வீழ்ச்சி’ ஆம்ஸ்டர்டாமில் ஒரு மதுக்கடையில் தொடங்குகிறது. கிளமான்ஸ் என்ற முன்னாள் வழக்கறிஞர் பேசிக்கொண்டே இருக்கிறார். எதிரில் இருப்பவர் பேசுவது நம் காதில் விழுவதே இல்லை. நான் கையில் அபத்தப் படியோடு தேடினேன். சிசிஃபஸ் ஓயாமல் மலைமேல் உருட்டும் பாறையும் இல்லை, ‘அந்நிய’னின் கடற்கரை வெயிலும் இல்லை. நாற்பது பக்கத்தில் மூடிவைத்தேன். ‘காம்யு களைத்துப்போன காலத்து நூல்’ என்று கூசாமல் எழுதி அனுப்பினேன். அச்சிலும் வந்தது.

சில வாரங்கள் கழித்து, பல காலம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கூட்டத்துக்கு வந்தார். என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “தம்பி, அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே?”

“எந்தப் பொண்ணு, ஐயா?”

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. டீயை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மிச்சத்தைப் படித்தேன். நூலின் நடுப்பகுதியில் இருக்கிறது அந்த இடம். நவம்பர் மாத நள்ளிரவு, தூறல். பாரிஸில் ரொயால் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நின்ற ஒரு பெண்ணைக் கிளமான்ஸ் கடந்துபோகிறார். கொஞ்ச தூரத்தில் ஓர் உடல் தண்ணீரில் விழும் சத்தம். அப்புறம் ஆற்றோடு போகும் அலறல். அவர் அசையாமல் நிற்கிறார். யாரிடமும் சொல்வதும் இல்லை. நாவல் முழுவதும் அந்தச் சத்தத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. தலைப்பில் இருக்கிற வீழ்ச்சியையே படிக்காமல் நான் அதற்குக் கடைசி இடம் கொடுத்திருக்கிறேன்.

1952இல் காம்யுவோடு பகிரங்கமாகச் சண்டையிட்டுப் பிரிந்த சார்த்ர், 1960இல் எழுதிய அஞ்சலியில் இந்த நூலைத்தான் ஒருவேளை மிக அழகானது, மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றார். குறைவாகப் புரிந்துகொண்டவர்கள் வரிசையில் என் பெயரும் அச்சில் இருக்கிறது.

என் அவமானத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பட்டியலை நம்பிச் சித்தி மகன் ‘சிசிஃபஸ் புராண’த்தின் ஆங்கிலப் பதிப்பை வாங்கினான். கீர்க்கெகார், ஹுசர்ல் என்று தத்துவவாதிகளின் பெயர்கள் அணிவகுத்து வந்ததும் மூடிவிட்டான். இன்றுவரை அவன் காம்யு பக்கம் திரும்பவில்லை. ‘அந்நியன்’ கொடுத்திருந்தால் ஒரே ராத்திரியில் முடித்திருப்பான்.

## ஆங்கில வாசனையை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

‘அந்நிய’னின் முதல் வரியில் கதைசொல்லி மெர்சோ தன் தாயைக் குறிப்பிடும் பிரெஞ்சுச் சொல் பிள்ளைகள் வாயில் வருவது. 1946இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஸ்டூவர்ட் கில்பர்ட் அதற்கு விறைப்பான ஒரு சொல்லைப் போட்டார். முதல் வரியிலேயே மெர்சோ ஈரமற்றவன் ஆகிவிட்டான். 1988இல் மேத்யூ வார்ட் பிரெஞ்சுச் சொல்லையே அப்படியே வைத்துவிட்டார். நமக்கு இந்தத் தலைவலியே கிடையாது. ‘அம்மா’ என்றால் போதும், குழந்தையும் கிழவனும் அதையேதான் சொல்கிறார்கள். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கும்போது, பழைய ஆங்கிலப் பிரதியைப் படித்துவிட்டு ‘உணர்ச்சியற்ற நாவல், மூன்றாம் இடம்’ என்று எழுதுவது என்ன நியாயம்?

## முடியாத நூலுக்கு எண் கொடுப்பது

‘முதல் மனிதன்’ விபத்து நடந்த இடத்தில் பைக்குள் கிடைத்த 144 கையெழுத்துப் பக்கங்கள். 1994இல்தான் அச்சேறியது. ‘மகிழ்ச்சியான மரணம்’ அவரே ஒதுக்கிவைத்தது, 1971இல் வந்தது. படியுங்கள், எண் போடாதீர்கள்.

## நொபெல் கிடைத்த நூல் எது என்று தேடுவது

எந்த நூலும் இல்லை. 1957இல் கொடுத்தது மொத்த எழுத்துக்கும்.

## மேற்கோள் அட்டையிலிருந்து மதிப்பிடுவது

குளிர்காலத்தின் நடுவில் தனக்குள் வெல்ல முடியாத கோடை இருப்பதைக் கண்ட வரி உண்மையானது. 1954இல் வந்த ‘கோடை’ தொகுப்பில், அல்ஜீரியாவின் திபாஸாவுக்குத் திரும்பிப் போனது பற்றிய கட்டுரையில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து வெறுப்பின் நடுவில் அன்பு, கண்ணீரின் நடுவில் புன்னகை என்று நீண்டுகொண்டே போகிற வரிகள் அவருடையவை அல்ல. அவற்றுக்காக அந்தத் தொகுப்பைத் தூக்கிப்பிடித்த ஒருவரிடம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். இன்னும் தேடுகிறார்.

## செத்தவன் யார் என்று கேட்காமல் முதலிடம் கொடுப்பது

‘அந்நிய’னில் மெர்சோ சுட்டுக் கொல்லும் அராபியனுக்குப் பெயர் இல்லை. அல்ஜீரிய எழுத்தாளர் காமெல் தாவூத் 2013இல் வெளியிட்ட நாவலில் அவனுக்கு மூசா என்று பெயரும், கதை சொல்ல ஒரு தம்பியும் கிடைத்தார்கள். இதற்காக ‘அந்நிய’னைக் கீழே இறக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் பாகத்தின் விசாரணையைக் கவனியுங்கள்: செத்தவனைப் பற்றி நீதிமன்றம் அதிகம் அலட்டிக்கொள்வதே இல்லை, தாயின் சவ அடக்கத்தில் மகன் அழவில்லை என்பதுதான் பெரிய குற்றமாகிறது. காம்யு இதைத் தெரிந்தே எழுதினாரா, எவ்வளவு தெரிந்து எழுதினார் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையின் சுவடே இல்லாமல் ‘ஒன்று: அந்நியன்’ என்று எழுதினால் பாதி நாவலைத்தான் படித்திருக்கிறீர்கள். ‘கொள்ளைநோய்’ நடக்கும் அல்ஜீரியாவின் ஓரான் நகரத்திலும் அராபியர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

## மெலிந்த நூல்களைத் தாண்டிப் போவது

1937இல் வந்த முதல் கட்டுரைத் தொகுப்பை மறுபதிப்புச் செய்ய அவர் நெடுங்காலம் சம்மதிக்கவில்லை. 1958இல் சம்மதித்தபோது எழுதிய முன்னுரையில், பிறகு எழுதிய எல்லாவற்றையும்விட இந்தத் தடுமாறும் பக்கங்களில்தான் உண்மையான அன்பு அதிகம் என்றார். காது சரியாகக் கேட்காத, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவோடு அல்ஜியர்ஸின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர் எழுதியது அது. ஐந்து நூல் பட்டியல் எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

சரி, இவ்வளவு பேசிய பிறகு என் பட்டியலைக் கேட்பீர்கள். அந்த இளைஞரும் கேட்டார். இன்றைய தேதிக்கு: ‘வீழ்ச்சி’, ‘அந்நியன்’, ‘நாடுகடத்தலும் ராஜ்ஜியமும்’ தொகுப்பில் ‘விருந்தாளி’ என்ற ஒரே ஒரு கதை, அப்புறம் ‘கொள்ளைநோய்’. ஐந்தாவது இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். ‘சிசிஃபஸ் புராணம் எங்கே சார்?’ என்றார். வீழ்ச்சியில் எத்தனை பக்கம் படித்தீர்கள் என்று கேட்டேன். முப்பத்தைந்து என்றார்.